நாலு பாத்திர லெந்து

போன லெந்தில், அதாவது ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்களில், ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி எங்கள் அடுப்படியைப் பார்த்திருந்தால் ஏதோ விசேஷ வீடு என்று நினைத்திருப்பீர்கள். ஒரு சட்டியில் எனக்கு மீன் குழம்பு. இன்னொன்றில் என் வீட்டுக்காரருக்குச் சொதி. நாற்பது நாளும் கவுச்சி தொடுவதில்லை என்று முடிவெடுத்திருந்தார். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற அத்தைக்குக் கோதுமை ரவைக் கஞ்சி. பிளஸ் டூ பரீட்சை எழுதிக்கொண்டிருந்த மகளுக்கு முட்டைக் குழம்பு. இது போக, காலையிலிருந்து வெறும் தண்ணீரோடு இருந்துவிட்டு உபவாச ஜெபம் முடிந்து எட்டு மணிக்கு வரும் கொழுந்தனாருக்காகத் தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "மதினி, சூடா ரெண்டு தோசை மட்டும் போதும்" என்றார். ரெண்டு ஏழில் போய் நின்றது.

எல்லாரும் நோன்பு. எனக்கு மட்டும் ஓவர்டைம்.

அன்று பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தபோது வந்த கேள்வியை இத்தனை நாள் கழித்து உட்கார்ந்து யோசிக்கிறேன். தவக்காலத்தை அனுசரிக்க நம் சபைகளில் பல வழி இருக்கிறது. அதில் எதை ஒரு வீடு பொதுவாக எடுத்துக்கொள்ளலாம்? 2027இல் லெந்து தொடங்கும் சாம்பல் புதன் பிப்ரவரி 10, ஈஸ்டர் மார்ச் 28. பேசி முடிவெடுக்க நேரம் இருக்கிறது.

முதலில் என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். நான் தூத்துக்குடிக் கடற்கரைக் கத்தோலிக்கப் பெண். வாழ்க்கைப்பட்டது பாளையங்கோட்டை சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்தில். கொழுந்தனார் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவர். எங்கள் அம்மா வீட்டில் இந்த நாட்களுக்குப் பெயர் தபசு காலம். கோயில் புத்தகத்தில் தவக்காலம். புகுந்த வீட்டில் லெந்து நாட்கள். கொழுந்தனார் சபையில் அப்படி ஒரு காலமே கிடையாது. உபவாசம் மட்டும் வருஷம் முழுக்க உண்டு.

எங்கள் பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன். பழைய ஞானோபதேசத்தில் இரண்டு சொல் உண்டு: ஒருசந்தி, சுத்தபோசனம். இரண்டையும் ஒன்று என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஒருசந்தி என்றால் நாளில் ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு. சுத்தபோசனம் என்றால் எத்தனை வேளை சாப்பிட்டாலும் இறைச்சி கிடையாது. இப்போதுள்ள சட்டப்படி ஒருசந்தி வருஷத்துக்கு இரண்டே நாள்: சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும். காலையும் ராத்திரியும் கொஞ்சம் ஏதாவது எடுத்துக்கொள்ளலாம். தண்ணீரும் மருந்தும் ஒருசந்தியை முறிக்காது. 18 வயது முடிந்தவர்களிலிருந்து 59 முடிகிற வரைக்கும் ஒருசந்தி கடமை. சுத்தபோசனம் 14 முடிந்தவர்களுக்கு, அதற்கு மேல்வயது வரம்பு இல்லை. நோயாளிகளுக்கும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் விலக்கு. ஆக எங்கள் வீட்டில் 17 வயது மகளுக்கும் 68 வயது அத்தைக்கும் ஒருசந்தி கடமையே இல்லை. பரீட்சைக்குப் போகிற பிள்ளையை வெறும் வயிற்றோடு அனுப்பினால்தான் பக்தி என்று யாராவது சொன்னால் இந்த வயதுக் கணக்கைக் காட்டுங்கள்.

இந்த முறையின் பலமே அது சிறிசாக இருப்பதுதான். தேதி தெரியும், அளவு தெரியும், யாருக்கு உண்டு யாருக்கு இல்லை என்பதும் தெரியும். வீட்டில் பேச்சுவார்த்தையே தேவையில்லை.

ஆனால் பலவீனம் மீன். மீனும் முட்டையும் பாலும் சுத்தபோசனத்தில் விலக்கு இல்லை. கடலுக்குத் தூரத்தில் இருப்பவர்களுக்கு இது சரியாக இருக்கலாம். கடற்கரையில் பிறந்தவளுக்கு வெள்ளிக்கிழமை மீன் சாப்பிடுவது என்ன தவம்? சாளைக் குழம்பாவது ஏழைச் சாப்பாடு என்று சொல்லிக்கொள்ளலாம். கோழியை ஒதுக்கிவிட்டு அதைவிடப் பல மடங்கு விலை கொடுத்து வஞ்சிரம் வாங்கி வறுத்துவிட்டு, "இன்னைக்குச் சுத்தபோசனம்" என்று சொல்லும்போது எனக்கே சிரிப்பு வரும். சட்டத்தைக் காப்பாற்றினேன். தவம் செய்தேனா என்பது வேறு.

அடுத்தது என் வீட்டுக்காரர் வழி: நாற்பது நாளும் சைவம். இதைத்தான் நம் ஊரில் பெரும்பாலோர் மெச்சுகிறார்கள். ஐயப்பனுக்கு மாலை போடுகிற பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூட உடனே புரிகிற விரதம் இது. சி.எஸ்.ஐ. சபை இப்படித்தான் இருக்க வேண்டும் என்று கட்டளை எதுவும் போடவில்லை. 1947இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை எல்லாம் சேர்ந்து உண்டான சபை அது. அதில் ஆங்கிலிக்கன் வழியாக வந்த 1662ஆம் வருஷத்து ஜெபப் புத்தகம், லெந்தின் நாற்பது நாளையும் வருஷத்தின் எல்லா வெள்ளியையும் (கிறிஸ்துமஸ் வெள்ளியில் வந்தால் தவிர) உபவாச நாள் பட்டியலில் வைத்திருந்தது. நாளைச் சொன்னது, தட்டில் என்ன இருக்கலாம் என்று சொல்லவில்லை. அதை அவரவர் மனச்சாட்சிக்கு விட்டுவிட்டது. மெதடிஸ்ட் பக்கத்தில் ஜான் வெஸ்லி இளவயதில் புதனும் வெள்ளியும் பிற்பகல் மூன்று மணி வரை சாப்பிடாமல் இருந்தவர். அந்த வழக்கம் இன்று பாளையங்கோட்டையில் யாருக்கும் நினைவில் இருப்பதாகத் தெரியவில்லை.

நாற்பது நாள் சைவத்தில் எனக்கு இரண்டு மனக்குறை. ஒன்று, ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு. சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின சனி வரை எண்ணினால் 46 நாள் வரும். ஞாயிறு ஒவ்வொன்றும் உயிர்ப்பின் நாள், அதில் நோன்பு இல்லை; ஆறு ஞாயிறைக் கழித்தால் நாற்பது. கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் வீடுகளில் கறி எடுப்பதே ஞாயிற்றுக்கிழமைதான்! ஆராதனை முடிந்து வரும் வழியில் கறிக்கடையில் நிற்காத வீட்டுக்காரர் யார்? திங்கள் முதல் சனி வரை எப்போதும் போல் சாம்பாரும் ரசமும், ஞாயிறு மட்டும் கறி என்று இருக்கிற வீடு, ஞாயிறுக்கு விலக்கு எடுத்துக்கொண்டால் லெந்தில் ஒன்றையுமே விடவில்லை என்றாகிறது. என் வீட்டுக்காரர் போன வருஷம் ஞாயிறையும் சேர்த்தே விட்டார், அதைச் சொல்லியாக வேண்டும். நாலாவது ஞாயிறு முகம் வாடியதையும் சொல்லியாக வேண்டும்.

இரண்டாவது குறை, சொதி. திருநெல்வேலிச் சைவச் சமையலைத் தெரிந்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். தேங்காயை மூன்று தடவை பிழிந்து, பாசிப்பருப்பும் காய்கறியும் முதல் பாலும் சேர்த்து இறக்கி, கூடவே இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு வறுவலும் வைத்துச் சாப்பிடுவது மறுவீட்டு விருந்து. உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் அதற்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. கறியை விட்டவருக்கு அதை ஈடுகட்ட வீடே வரிந்துகட்டிக்கொண்டு சமைக்கிறது. "பாவம், கறியில்லாம எத்தனை நாளு இருப்பான்" என்று அத்தை தேங்காய் துருவ உட்கார்ந்துவிடுவார். நோன்பு இருப்பவர் ஒருவர், அதைச் சுமப்பவர் இன்னொருவர் என்று ஆகிவிடுகிறது. கறியும் மீனும் வெங்காயம் வதக்கி அரை மணியில் முடிகிற வேலை. சொதிக்கு அரை நாள்.

1522இல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் நடந்ததை இந்த இடத்தில் நினைத்துக்கொள்வேன். கிறிஸ்டோஃப் ஃப்ரோஷவர் என்ற அச்சகக்காரர் லெந்து நாளில் வேலை நெருக்கடியில் இருந்த தன் ஆட்களுக்குத் தொத்திறைச்சி கொடுத்தார். நகரமே கொதித்தது. பக்கத்தில் இருந்த சீர்திருத்தப் போதகர் ஸ்விங்ளி தான் சாப்பிடவில்லை, ஆனால் அவர்களுக்காகப் பிரசங்க மேடையில் வாதாடினார். எதைச் சாப்பிடுவது என்பது கிறிஸ்தவனுடைய சுதந்தரம் என்ற பேச்சு அங்கே அப்படித்தான் சூடு பிடித்தது. பாடம் எடுக்கிறவர்கள் அதில் இறையியலைப் பார்ப்பார்கள். எனக்குக் கண்ணில் படுவது, ராப்பகலாக அச்சுக்கோத்து ஓய்ந்துபோன அந்த வேலைக்காரர்கள்தான்.

கொழுந்தனாரின் உபவாசத்துக்கு வருகிறேன். நேர்மையாகச் சொன்னால் மூன்றில் அதுதான் கடினம், அதில்தான் ஜெபமும் அதிகம். உணவை மாற்றுவதில்லை, உணவையே விடுகிறார்கள். மிச்சமாகிற நேரத்தை முழங்காலில் செலவழிக்கிறார்கள். உண்மையில் வேதத்தில் உபவாசம் என்று வருகிற இடமெல்லாம் பெரும்பாலும் இதுதான். மீன் உண்டா முட்டை உண்டா என்ற பேச்செல்லாம் பிற்பாடு வந்தது. ஜனவரியில் 21 நாள் உபவாசம் அறிவிக்கிற சபைகளும் உண்டு. தானியேல் பத்தாம் அதிகாரத்தில் மூன்று வாரம் ருசியான அப்பமும் இறைச்சியும் திராட்சரசமும் இல்லாமல் இருந்தார் அல்லவா, அதை வைத்து. அதில் முழுப் பட்டினி இல்லை, எளிய சாப்பாடுதான். இன்னொரு பக்கம் எஸ்தர் சொன்னபடி மூன்று நாள் தண்ணீரும் இல்லாமல் இருக்கிறோம் என்று கிளம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பங்குனி வெயிலில் அது விளையாட்டல்ல.

அத்தை ஒரு தடவை கொழுந்தனார் பேச்சைக் கேட்டு, யாருக்கும் சொல்லாமல் காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டார். பதினோரு மணிக்குச் சேலையெல்லாம் வியர்வையில் நனைந்து, கை நடுங்கி, என்னைப் பார்த்து "நீ யாரு வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டார். கருப்பட்டியைக் கரைத்து வாயில் ஊற்றிய பிறகுதான் நினைவு தெளிந்தது. சர்க்கரை மாத்திரைகளில் சில, சாப்பாடு உள்ளே போனாலும் போகாவிட்டாலும் சர்க்கரையை இறக்கிக்கொண்டேதான் இருக்கும், இன்சுலினும் அப்படியே. டாக்டரிடம் கேட்காமல் இந்த வழியை எடுக்கக் கூடாதவர்கள் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவராவது இருக்கிறார்கள்.

இன்னொரு சிக்கல், அது முடிகிற நேரம். மூன்று மணிக்கோ ஆறு மணிக்கோ எட்டு மணிக்கோ யாருக்கும் தெரியாது. முகத்தைக் கழுவி, தலைக்கு எண்ணெய் வைத்து, உபவாசம் என்று மனுஷருக்குத் தெரியாதபடி இருங்கள் என்றார் இயேசு. வெளியாருக்குத் தெரியவில்லை, சரி. வீட்டு அடுப்புக்குத் தெரிந்துவிடுகிறது.

இப்போது பிரபலமாக இருக்கிற நாலாவது வழியை அதிகம் அலச ஒன்றுமில்லை: டீயை விடுவது, சீரியலை விடுவது, போனை விடுவது. அடுப்படிக்குப் பாரமே இல்லை, சர்க்கரை நோயாளியும் செய்யலாம். ஆனால் கல்லூரிப் பெண்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் "லெந்து முடியும் வரை நான் இங்கே இல்லை" என்று போட்டுவிட்டு, யார் யார் பார்த்தார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பதையும் கவனித்திருக்கிறேன். தனியாக இதை மட்டும் செய்தால் காற்றில் போய்விடும். வேறொன்றோடு சேர்த்துக்கொள்ளலாம்.

சுரியானி கிறிஸ்தவர்களின் முறையையும் சேர்க்காவிட்டால் ஒப்பீடு முழுதாகாது. கேரளத்தில் அம்பது நோன்பு என்பார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் சீரோ மலபார், சீரோ மலங்கரை சபைகள் இருப்பதால் நமக்கும் அது தூரத்துச் சங்கதி இல்லை. அவர்களுக்குச் சாம்பல் புதன் கிடையாது. நோன்பு திங்கட்கிழமையிலேயே தொடங்கிவிடும். கடுமையாக இருப்பவர்கள் இறைச்சி, மீன், முட்டை, பால் எல்லாவற்றையும் விட்டுவிடுவார்கள். சாப்பாட்டு விஷயத்தில் அது என் வீட்டுக்காரர் வழியின் அண்ணன், அவ்வளவுதான். என்னைத் தொட்டது வேறு. மலங்கரை வழியில் நோன்பு தொடங்குகிற நாள் சுப்கோனோ என்றொரு ஆராதனை உண்டு. ஒப்புரவு என்று அர்த்தம். விழுந்து விழுந்து கும்பிட்டு எழுவார்கள். முடிவில் பீடத்திலிருந்து சமாதானம் கைக்குக் கை கடந்து வரும். பக்கத்தில் நிற்கிறவரிடம் மன்னிப்புக் கேட்டுத்தான் வெளியே போக வேண்டும். மார்த்தாண்டத்தில் என் தோழியோடு ஒரு தடவை போயிருந்தேன். அவளும் அவள் மாமியாரும் அடுத்தடுத்து நின்றார்கள். இருவருக்கும் ஆறு மாசமாகப் பேச்சு இல்லை என்று எனக்குத் தெரியும். கிழவி இரண்டு கையையும் நீட்டினார். இவள் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்த பிறகு பேச்சு எந்த அளவு வளர்ந்தது என்று நான் கேட்கவில்லை.

நம் பக்கம் இதற்கு ஈடாகப் பாவசங்கீர்த்தனம் இருக்கிறது. பெரிய வாரத்தில் வரிசை கோயில் வாசல் வரை நிற்கும். சாமியாரிடம் சொல்வது எனக்கு எளிது. அத்தையிடம் சொல்வதுதான் கஷ்டம். உள்ளே போய், "கோபப்பட்டேன், புறணி பேசினேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வரலாம். எந்த நாளில், எந்தச் சட்டியைத் தரையில் ஓங்கி வைத்தேன் என்று கேட்க அங்கே யாரும் இல்லை. சி.எஸ்.ஐ. ஆராதனையில் பாவ அறிக்கையை எல்லாரும் சேர்ந்து வாசிக்கிறார்கள். அதில் ஒளிந்துகொள்வது இன்னும் சுலபம்.

இதற்கு நடுவில் போன லெந்தில் பக்கத்து ஊர் ஒரு யோசனை கொடுத்தது. 2026இல் சாம்பல் புதன் பிப்ரவரி 18. ரமலானும் அதே வாரம்தான் தொடங்கியது. மேலப்பாளையத்தில் என்னோடு வேலை பார்த்த அக்கா ஒருத்தர் தூக்குவாளியில் நோன்புக் கஞ்சி கொடுத்துவிட்டார். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு மணக்கிற கஞ்சி. பள்ளிவாசலில் ஒரே அண்டாவில் காய்ச்சி, தெருவே அங்கிருந்து வாங்கிப் போகிறது. நோன்பு இருந்தவரும் அதே கஞ்சி, சின்னப் பிள்ளைகளும் அதே கஞ்சி. அத்தை கொஞ்சம் குடித்துவிட்டு, "நம்ம பெரிய வெள்ளிக் கஞ்சி மாதிரிதானே" என்றார். ஆமாம், நமக்கும் அது உண்டு. பன்னிரண்டு மணிக்கு மும்மணித் தியான ஆராதனை தொடங்கி, சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைக்கு ஏழு பிரசங்கமும் முடிந்து மூன்று மணிக்கு வெளியே வந்தால், வாசலில் ஒரு கரண்டி கஞ்சியும் துவையலும். சாயங்காலம் நான் என் கோயிலுக்குப் போய்ச் சிலுவை முத்தி செய்துவிட்டு வந்தாலும் அங்கேயும் அதே கஞ்சிதான். அந்த ஒரு நாள் மட்டும் எங்கள் வீட்டில் நாலு பாத்திரம் கிடையாது. அன்றைக்குத்தான் எனக்கும் சாமி கும்பிட நேரம் கிடைக்கிறது.

ஆக என் தேர்வு எந்த முறை பெரிது என்பதைப் பார்த்து வரவில்லை. எதில் நோன்பின் பாரம் நோன்பிருப்பவர் மேலேயே விழுகிறது என்று பார்த்தேன். அப்படிப் பார்த்தால் நீளமான விரதத்தைவிடச் சின்னதும் கண்டிப்பானதுமே எங்கள் வீட்டுக்குச் சரி. ஆண் ஒருவர் தனியாக வெளியூரில் தங்கி, தானே பொங்கிச் சாப்பிடுகிறார் என்றால் நாற்பது நாள் சைவம் தாராளமாக இருக்கட்டும். அவரிடம் என் வாதம் செல்லாது. திடமான உடம்பும், பகலில் ஓய்ந்திருக்கக் கூடிய வேலையும் உள்ளவருக்கு உபவாச ஜெபம்தான் நல்லது என்றும் சொல்வேன். வெயிலில் கட்டட வேலைக்குப் போகிறவருக்குச் சொல்ல மாட்டேன்.

வீட்டில் உட்கார வைத்துப் பேசினேன். முடிவானது இது. சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி: மத்தியானம் ஒரு வேளை கஞ்சி, தேங்காய்த் துவையல். காலையும் ராத்திரியும் மீந்த கஞ்சியில் அரை டம்ளர். அத்தைக்கும் அதே கஞ்சிதான், ஆனால் மூன்று வேளையும் வயிறு நிறைய, மாத்திரையோடு. மகள் அவள் இஷ்டம். லெந்து வெள்ளி ஒவ்வொன்றிலும் ராத்திரிக்கு ஒரே பாத்திரம், மீனும் இல்லை. அது நான் விடுகிறது. கொழுந்தனார் உபவாசம் இருக்கிற நாளில் அந்தக் கஞ்சியிலேயே அவர் பங்கு மூடி இருக்கும்; தோசை வேண்டுமானால் மாவு ஃபிரிட்ஜில், கல் ஆணியில். முதலில் முகத்தைத் தூக்கினார். அப்புறம், "எனக்குத் தோசை ஊத்தத் தெரியும் மதினி" என்றார். இருபது வருஷமாக எனக்குத் தெரியாத விஷயம்.

வீட்டுக்காரர் நாற்பது நாள் சைவத்தை விட மாட்டேன் என்கிறார். விட வேண்டாம், சாம்பாரும் சைவம்தானே என்றேன். சொதி என்றால் தேங்காய் அவர் துருவ வேண்டும், பாத்திரமும் அவர் விளக்க வேண்டும். மிச்சமாகும் கறிக்காசை அத்தை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைக்கிறார். தெருக்கோடியில் தனியாக இருக்கிற பாட்டி ஒருத்தருக்கு மாத்திரை வாங்கக் கொடுக்கலாம் என்று பேச்சு. சுப்கோனோவை மட்டும் நான் வாய் திறந்து சொல்லவில்லை. சாம்பல் புதன் காலையில் அத்தையிடம் தனியாகப் போவதாக இருக்கிறேன்.

தீராமல் நிற்பது ஒன்றே ஒன்று. 2027 மார்ச் 19 வெள்ளிக்கிழமை, அன்று சூசையப்பர் திருநாள். பெருவிழா வெள்ளியில் வந்தால் சுத்தபோசனம் இல்லை என்பது எங்கள் சட்டம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அதைச் சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து வீட்டுக்காரர் இரண்டு தடவை கேட்டுவிட்டார்: "உங்க சூசையப்பருக்கு விருந்துன்னா, கட்டிக்கிட்ட எங்களுக்கும் கறி உண்டுல்லா?"